கோப்பு முறைமை தடுமாறும்போது: கெர்னலை மேம்படுத்துவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கடலூரிலும் புதுச்சேரியிலும் லினக்ஸ் கணினிகளை வைத்துத் தொழில் நடத்தும் அச்சகங்கள், ஒளிப்பட நிலையங்கள், கணக்கர் அலுவலகங்கள் ஆகியவற்றில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. கோப்பைச் சேமிக்க முற்பட்டால் கணினி மறுக்கிறது. நேற்று வரை திறந்த கோப்பு இன்று திறப்பதில்லை. அல்லது வட்டு முழுவதுமே படிக்க மட்டும் அனுமதிக்கும் 'ரீட் ஒன்லி' நிலைக்குப் போய்விடுகிறது. விசாரித்தால், லினக்ஸின் மைய நிரலான கெர்னலைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரேனும் சொல்கிறார்கள். அந்த அறிவுரை சில நேரங்களில் முழுக்கச் சரியானது. ஆனால் பழுது உண்மையிலேயே கெர்னலில் இருக்கிறதா என்று பாராமல் அதை மாற்றப் புகுந்தால், மீட்டிருக்கக்கூடிய தரவையும் இழக்க நேரிடும். ஆகவே பழுதின் இடத்தைக் கண்டறிவது, தரவைக் காப்பது, கெர்னலை மேம்படுத்துவது, அதனால் பழுது நீங்கியதா என்று சோதிப்பது என்ற வரிசையை, லினக்ஸுக்குப் புதியவர்களும் பின்பற்றக்கூடிய வகையில் இங்கே விளக்குகிறேன். டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவற்றையும், சென்னையில் உள்ள, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு நடைமுறைக் குறிப்பு. கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதி, தேவையான இடங்களில் எழுத்துக்கூட்டியும் காட்டியிருக்கிறேன். முனையத்தில், அதாவது 'டெர்மினல்' சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன். சிறுகோடு என்று வரும் இடத்தில் கழித்தல் குறியை இட்டு, அடுத்த எழுத்தை இடைவெளி விடாமல் சேர்க்க வேண்டும். கணினியின் அமைப்பைத் தொடும் கட்டளை எதற்கும் முன்னால் நிர்வாகி உரிமையைத் தரும் எஸ்-யு-டி-ஓ, அதாவது 'சூடோ', தேவைப்படும்.

கெர்னல் இதில் எங்கே வருகிறது

வட்டு என்பது எண்ணிட்ட கட்டங்களின் நீண்ட வரிசை மட்டுமே. ஒரு கோப்பு எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது, அதன் பெயர் எந்தக் கோப்புறையில் இருக்கிறது, எந்தக் கட்டங்கள் காலியாக உள்ளன என்ற கணக்கை வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கே கோப்பு முறைமை என்று பெயர். நம் லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது இஎக்ஸ்டி4. 2008 டிசம்பரில் வெளிவந்த 2.6.28 கெர்னலில் அது நிலையானதாக அறிவிக்கப்பட்டது. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துவோரும் உண்டு. இந்தக் கணக்கை எழுதும் நிரல் தனியான செயலி அன்று. அது கெர்னலின் ஒரு பகுதி. லிப்ரேஆபிஸில் பிழை இருந்தால் லிப்ரேஆபிஸை மட்டும் புதுப்பித்தால் போதும். இஎக்ஸ்டி4 நிரலில் பிழை இருந்தால் கெர்னலையே மாற்றியாக வேண்டும்.

இஎக்ஸ்டி4 தன் மாற்றங்களை நேரே கணக்கில் ஏற்றுவதில்லை. கடைக்காரர் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதைப்போல, முதலில் 'ஜர்னல்' என்ற பகுதியில் மாற்றத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே உரிய இடத்தில் எழுதுகிறது. நடுவில் மின்சாரம் நின்றாலும், அடுத்த முறை கணினி இயங்கத் தொடங்கும்போது ஜர்னலைப் பார்த்து அரைகுறை வேலை முடிக்கப்படுகிறது. ஆனால் இயல்பான அமைப்பில் ஜர்னலில் ஏறுவது பெயர், இடம், அளவு போன்ற கணக்கு விவரங்கள்தாம். கோப்பின் உள்ளடக்கம் அதில் ஏறுவதில்லை. எனவே மின்தடைக்குப் பிறகு கோப்பு முறைமை நலமாக இருந்தும், கடைசியாகச் சேமித்த கோப்பு வெறுமையாகவோ பழைய உள்ளடக்கத்தோடோ இருக்கக்கூடும். இதைக் கெர்னல் பிழையாகக் கருதக் கூடாது.

மறுதொடக்கத்துக்கு முன் சான்றுகளைச் சேகரியுங்கள்

கோளாறு தெரிந்தவுடன் கணினியை அணைத்துப் போடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும், லினக்ஸ் நிறுவப்பட்ட வட்டுப் பகுதியான இஎக்ஸ்டி4 மூலப் பகிர்வின் கணக்கில் முரண்பாடு தெரிந்த உடனே எழுதுவதை நிறுத்தி, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்கு மாறும்படி நிறுவும்போதே அமைக்கப்பட்டிருக்கிறது. கேடு மேலும் பரவாமல் தடுக்கும் நல்ல பாதுகாப்பு அது. ஆனால் அந்த நிலையில் பதிவேடுகளும் வட்டில் எழுதப்படுவதில்லை. கோளாறு எதனால் வந்தது என்று கெர்னல் சொன்ன செய்தி நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மறுதொடக்கம் செய்தால் அது அழிந்துவிடும்.

ஆகவே முதலில் முனையத்தைத் திறந்து டி-எம்-இ-எஸ்-ஜி என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோட்டையும், 'டைம்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான பெரிய டி எழுத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கெர்னலின் செய்திகள் நாள், நேரத்தோடு வரிசையாக வரும். அவற்றைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். வட்டில் எழுத முடியாத நிலையில் பென் டிரைவ் தானாக இணையாமல் போகலாம். அப்போது, வட்டைச் சாராமல் நினைவகத்திலேயே இயங்கும் 'ரன்' என்ற கோப்புறைக்குள் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, 'மவுண்ட்' கட்டளையால் பென் டிரைவை அங்கே இணைத்துக்கொள்ளலாம். அதுவும் கடினமாகத் தோன்றினால் திரையைக் கைபேசியில் தெளிவாகப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மறுதொடக்கம் ஆகிவிட்டிருந்தால், 'ஜர்னல்' என்ற சொல்லோடு சி-டி-எல் சேர்த்து எழுதும் கட்டளையை, சிறுகோடு கே, சிறுகோடு பி ('பூட்' என்ற சொல்லின் முதலெழுத்து), சிறுகோடு 1 ஆகியவற்றோடு தட்டுங்கள். முந்தைய இயக்கத்தின் கெர்னல் செய்திகளில் வட்டில் ஏறியவை மட்டும் கிடைக்கும்.

பழுது எங்கே இருக்கிறது

அதிகப் பொறுமை தேவைப்படும் படி இதுவே. செய்திகளைக் கீழிருந்து மேலாகப் படிக்காமல், நேர வரிசையில் மேலிருந்து கீழாகப் படியுங்கள். கடைசியில் தெரிவது விளைவு. காரணம் பெரும்பாலும் அதற்குச் சில நொடிகள் முன்னால் பதிவாகியிருக்கும்.

'ஐ-ஓ எரர்' என்ற சொல்லும், வட்டின் பெயரும், ஒரு செக்டாரின், அதாவது வட்டுக் கட்டத்தின், எண்ணும் சேர்ந்து வந்தால், வட்டு தன்னிடம் கேட்டதைக் கொடுக்கவில்லை என்று பொருள். 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று திரும்பத் திரும்ப வந்தால், வட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான தொடர்பு அறுந்து அறுந்து இணைகிறது. இவை இரண்டில் எதைத் தொடர்ந்தும் 'இஎக்ஸ்டி4-எஃப்எஸ் எரர்' என்ற வரி வரலாம். அங்கே கோப்பு முறைமை பாதிக்கப்பட்ட இடமே தவிரப் பிழை செய்த இடம் அன்று. கெர்னலை எத்தனை முறை மாற்றினாலும் பழுதான வட்டு திருந்தப் போவதில்லை. 'ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்' என்ற செய்தி, வட்டிலுள்ள கணக்கு சிதைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. யார் சிதைத்தார் என்பதைச் சொல்லாது. மாறாக, வட்டைப் பற்றிய குறை எதுவும் இல்லாமல், 'கெர்னல் பக்' என்றோ 'வார்னிங்' என்றோ தொடங்கி, கோப்பு முறைமையின் நிரல் கோப்பையும் வரி எண்ணையும் குறிப்பிட்டு, கீழே 'கால் டிரேஸ்' என்ற நீண்ட பட்டியலும் வந்தால், கெர்னலை ஐயுறுவதற்கு நியாயம் உண்டு. அந்தப் பட்டியலை ஒரு வரியும் விடாமல் பாதுகாத்து வையுங்கள்.

அடுத்து வட்டின் உடல்நிலையைக் கேட்டறிய வேண்டும். 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற நிரல் பொதியில் வரும் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையைச் சிறுகோடு ஏ விருப்பத்தோடு இயக்கினால், வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகள் வரும். ஹார்ட் டிஸ்க்கில் 5, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகளின் கடைசி மதிப்பைப் பாருங்கள். அவை முறையே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களையும், படிக்க இயலாமல் காத்திருப்பவற்றையும், திருத்த இயலாதவற்றையும் காட்டுகின்றன. அவை சுழியாக இல்லாமல் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் வட்டை மாற்றுவதுதான் வழி. எஸ்எஸ்டி வட்டுகளில் வரிகளும் எண்களும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். என்விஎம்இ வகையில் 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' என்ற வரியும் 'அன்சேஃப் ஷட்டவுன்ஸ்' என்ற வரியும் முக்கியமானவை. பின்னது, முறையாக மூடப்படாமல் மின்சாரம் நின்றுபோன தடவைகளின் எண்ணிக்கை.

ஹார்ட் டிஸ்க் பட்டியலில் 199 என்ற எண்ணுள்ள வரியைத் தனியாகக் கவனியுங்கள். அது வட்டின் பழுதை அன்று, கேபிள் வழியாகச் செல்லும் தரவு சிதைவதைக் காட்டுகிறது. தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்கள் ஆகிய இடங்களில் உப்புக் காற்று இணைப்பு முனைகளில் படிந்து அரிப்பை உண்டாக்குகிறது. திறந்த சன்னலுக்கு அருகில் வைத்த கணினியில் இது மிக எளிதில் நேரும். அந்த மதிப்பு கூடிக்கொண்டு போனால், கணினியை அணைத்து, மின்வடத்தையும் பிடுங்கிவிட்டு, வட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் புதிதாக மாற்றிப் பாருங்கள். கோப்பு முறைமைப் பிழை என்று எண்ணப்பட்ட கோளாறு ஒரு கேபிளோடு தீர்ந்துவிடக்கூடும். பழைய எண்ணிக்கை சுழியாகாது. அது மேலும் கூடாமல் நிற்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

நினைவகப் பழுதும் கோப்பு முறைமைப் பழுதைப்போலவே தோற்றமளிக்கும். ரேமில் ஒரு பிட் மாறினால், மாறிய நிலையிலேயே அது வட்டில் எழுதப்படும். வட்டும் குறை சொல்லாது, கெர்னலும் உடனே அறியாது. 'மெம்டெஸ்ட்86+' என்ற கருவியைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் பகுதியில் மின்தடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கல் புயலையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாத கணினியில் முதல் கோளாறு ஒரு மின்தடைக்கு அடுத்து வந்ததா என்று நாளையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்போர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி, கணினியை முழுமையாக மூடாமல் பாதி உறக்கத்தில் விட்டுவிடுகிறது. அந்த நிலையில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகிர்வை லினக்ஸில் இணைக்க முயன்றால், அது எழுத இடம் கொடாமல் மறுக்கும். இது பிழை அன்று, காப்பு. விண்டோஸுக்குள் சென்று அந்த வசதியை நிறுத்தி, முறையாக மூடினால் போதும்; வற்புறுத்தி இணைக்கும் விருப்பத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

இவை அனைத்தையும் விலக்கிய பிறகும் கோளாறு நின்றால், கெர்னல் மீதான ஐயம் வலுக்கிறது. கெர்னல் புதுப்பிக்கப்பட்ட நாளையொட்டிக் கோளாறு தொடங்கியிருத்தல், ஒரே கெர்னல் உள்ள வேறு கணினியிலும் அதே கோளாறு தெரிதல், குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்யும்போதெல்லாம் அது திரும்ப வருதல் ஆகிய மூன்றும் நல்ல அடையாளங்கள். ஆனால் இங்கும் அவசரம் கூடாது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் 4.19 கெர்னலைப் பயன்படுத்தியோரின் இஎக்ஸ்டி4 பகிர்வுகள் சிதைந்தபோது, எல்லோரும் இஎக்ஸ்டி4 நிரலையே ஐயுற்றார்கள். ஆராய்ந்ததில் குற்றம் இஎக்ஸ்டி4 மீது இல்லை; அதற்கும் வட்டுக்கும் இடையில் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் அடுக்கில் பிழை இருந்தது. 4.19.8 பதிப்பில் அது திருத்தப்பட்டது. கெர்னலை மேம்படுத்தியதே தீர்வாக அமைந்தாலும், கோப்பு முறைமையை மாற்றிப் பயன் இல்லை என்பதை இந்த ஆராய்ச்சிதான் காட்டியது.

தரவு முதலில்

கெர்னல் பக்கம் செல்வதற்கு முன் தரவை வேறு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும். இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். கெர்னல் மேம்படுத்தல், இனிமேல் கேடு நேராமல் தடுக்கும். ஏற்கெனவே சிதைந்த கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. 'எஃப்எஸ்சிகே' என்ற பழுதுபார்க்கும் கருவியும் கணக்கைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. அந்த ஒழுங்குக்காகச் சில கோப்புகளைக் கைவிடவும் அது தயங்காது.

படியெடுக்க, லினக்ஸை நிறுவாமலே இயங்கும் 'லைவ்' பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். பழுதான பகிர்வைப் படிக்க மட்டும் என்ற நிலையில் இணைத்து, 'ஆர்சிங்க்' கட்டளையால் வெளிவட்டுக்குக் கோப்புகளை எடுங்கள். வட்டிலேயே படிப்புப் பிழைகள் இருந்தால் கோப்பு கோப்பாக எடுப்பதில் காலம் கடத்தாமல், 'ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ' கருவியால் முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் படியெடுத்து, படியின் மீதே மற்ற வேலைகளைச் செய்யுங்கள். வெளிவட்டில் ஏற்கெனவே பழைய காப்புப் பிரதி இருந்தால் அதன் மேல் எழுதாதீர்கள். சிதைந்த கோப்பு நல்ல கோப்பின் மேல் ஏறிவிட்டால், பிறகு ஒப்பிடக்கூட எதுவும் இராது.

அதன் பின்னரே பழுதுபார்ப்பு. இணைக்கப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும் பகிர்வின் மீது எஃப்எஸ்சிகே இயக்கக் கூடாது. லைவ் பென் டிரைவில் இருந்துகொண்டு, பகிர்வு இணைக்கப்படாத நிலையில், முதலில் சிறுகோடு என் விருப்பத்தோடு இயக்குங்கள். அது எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் பட்டியலிடும். பட்டியலைச் சேமித்துக்கொண்டு, பிறகு சிறுகோடு எஃப் விருப்பத்தோடு உண்மையான பழுதுபார்ப்பைத் தொடங்குங்கள். பெயர் இழந்த கோப்புகள் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' கோப்புறையில் எண்களைப் பெயராகக் கொண்டு கிடக்கும். எக்ஸ்எஃப்எஸ் பகிர்வுக்கு 'எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர்' என்ற தனிக் கருவி உண்டு. அதன் பெரிய எல் விருப்பம் ஜர்னலையே அழித்துவிடும் என்பதால் அது கடைசி முயற்சியாக மட்டும் இருக்கட்டும். பிடிஆர்எஃப்எஸ் பகிர்வில் 'செக்' கட்டளையின் 'ரிப்பேர்' விருப்பத்தை, அனுபவமுள்ளவர் ஒருவரைக் கலக்காமல் தொடவே வேண்டாம்.

லைவ் பென் டிரைவில் மற்றொரு பயனும் உண்டு. அதில் உள்ள கெர்னல் உங்கள் கணினியில் இருப்பதைவிடப் புதியதாக இருந்தால், எதையும் நிறுவாமலே புதிய கெர்னலில் அதே செயலைச் செய்து பார்க்கலாம். படியெடுத்த பின் இதைச் செய்வது நல்லது.

பதிப்பு எண்ணைச் சரியாகப் படிப்பது

யு-என்-ஏ-எம்-இ என்று தட்டி, சிறுகோடு ஆர் சேர்த்தால் இயங்கும் கெர்னலின் பெயர் வரும். 6.1.66 என்ற எண்ணில் 6.1 என்பது தொடர். 66 என்பது அத்தொடரில் வெளியான திருத்தங்களின் வரிசை எண். ஆனால் டெபியன் 12இல் இந்தக் கட்டளை 6.1.0-15 என்பதைப்போல ஓர் எண்ணைத்தான் காட்டும். அது பொதியின் பெயர். உண்மையான பதிப்பு அன்று. ஆர் எழுத்துக்குப் பதிலாக வி எழுத்தைக் கொடுத்தால் டெபியனில் உண்மையான எண் தெரியும். உபுண்டுவில், 'ப்ராக்' கோப்புறைக்குள் இருக்கும் 'வெர்ஷன் சிக்னேச்சர்' என்ற கோப்பின் கடைசி எண் அதைக் காட்டும். பிழை எந்தப் பதிப்பில் நுழைந்தது, எந்தப் பதிப்பில் திருத்தப்பட்டது என்ற செய்திகள் அனைத்தும் உண்மையான எண்ணைக் கொண்டே எழுதப்படுவதால், இதில் குழம்பினால் முழு முயற்சியும் வழிதவறிவிடும்.

2023 டிசம்பரில் நடந்தது இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 6.1.64 பதிப்பில் இஎக்ஸ்டி4க்கான ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தம், புதிய தொடர்களில் இருந்த வேறொரு மாற்றத்தை நம்பியிருந்தது, 6.1 தொடரில் அந்த மாற்றம் இல்லை. அதன் விளைவாக, நினைவகத் தேக்கத்தைத் தவிர்த்து வட்டில் நேரடியாக எழுதும் செயலிகளின் கோப்புகள் சிதையக்கூடிய நிலை உண்டாயிற்று. டெபியனில் 6.1.0-14 என்ற பெயரோடு வந்தது அந்தக் கெர்னல்தான். டெபியன் 12.3 வெளியீட்டையே நிறுத்திவைத்து, 6.1.66 கெர்னலோடு 12.4 பதிப்பை 2023 டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். 6.1.0-14இல் இருந்தவர்களுக்கு 6.1.0-15க்குச் செல்வது சரியான தீர்வு. அதற்கு முந்தைய 6.1.0-13இல் இருந்தவர்களுக்கோ, அந்த வாரத்தில் புதுப்பிப்பதுதான் ஆபத்து. புதியது என்பதாலேயே ஒரு கெர்னல் நல்லதாகிவிடாது. உங்கள் பிழை அதில் திருத்தப்பட்டிருக்க வேண்டும், புதிய பிழை அதில் நுழைந்திராமலும் இருக்க வேண்டும்.

இதைப்போலவே 2019இல் 5.2 தொடரில் பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்தியோரைப் பாதித்த பிழை 5.2.15இல் திருத்தப்பட்டது. பிழையே இல்லாமல், வசதி இல்லாததால் வரும் தொல்லைகளும் உண்டு. கேமராக்களில் பயன்படும் 64 ஜிபி, அதற்கு மேற்பட்ட மெமரி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறைமையில் வருகின்றன. 2020இல் வந்த 5.7 கெர்னலிலிருந்தே முழுமையான எக்ஸ்ஃபேட் நிரல் கெர்னலோடு சேர்ந்து வருகிறது. என்டிஎஃப்எஸ் பகிர்வில் எழுதும் வசதியோடு கூடிய 'என்டிஎஃப்எஸ்3' 2021இல் 5.15இல் சேர்ந்தது. பழைய கெர்னலை வைத்திருக்கும் ஒளிப்பட நிலையத்தார், கார்டு பழுது என்று எண்ணி அதை அழித்துவிடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளட்டும்.

திருத்தங்களின் பட்டியலை, கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் உரிய மாற்றப் பதிவேட்டில் காணலாம். அதில் உங்கள் கோப்பு முறைமையின் பெயரையும், உங்கள் கால் டிரேஸில் வந்த செயற்கூறின் ('ஃபங்ஷன்') பெயரையும் தேடுங்கள். இரண்டும் ஒரே திருத்தத்தில் சந்தித்தால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது.

மேம்படுத்தும் படிகள்

கோளாறு அண்மைப் புதுப்பிப்புக்குப் பிறகே தொடங்கியது என்றால், முன்னோக்கிச் செல்வதற்கு முன் ஒரு படி பின்னோக்கிச் சென்று பாருங்கள். கணினி தொடங்கும்போது, பழைய பயாஸ் வகையில் ஷிஃப்ட் விசையையும், யுஇஎஃப்ஐ வகையில் எஸ்கேப் விசையையும் அழுத்தினால், எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்க உதவும் கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் இயக்கிக் கோளாறு வராவிட்டால் ஐயம் உறுதியாகிறது. அதோடு, பிழையுள்ள கெர்னலில் இருந்துகொண்டே புதிய கெர்னலை வட்டில் எழுதும் ஆபத்தும் நீங்குகிறது.

நிறுவத் தொடங்குமுன் 'பூட்' பகிர்வில் இடம் இருக்கிறதா என்று டி-எஃப் கட்டளையால் பாருங்கள். அங்கே இடம் போதாமல் பாதியில் நின்ற நிறுவல், தொடங்கவே மறுக்கும் கணினியில் போய் முடியும். மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்நிறுத்தம் என்று நாளிதழில் அறிவிப்பு வந்த நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். என்விடியா வரைகலை அட்டை, விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றுக்காகக் கெர்னலோடு இணையும் வெளி மாட்யூல்கள் புதிய கெர்னலுக்காக மறுபடி உருவாக்கப்பட வேண்டியிருக்கும். நிறுவும்போது வரும் செய்திகளில் அவை வெற்றியாக முடிந்தனவா என்று கவனியுங்கள்.

டெபியனிலும் உபுண்டுவிலும் முதலில் 'ஆப்ட் அப்டேட்', பிறகு 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' என்ற கட்டளைகளே போதும். உங்கள் தொடருக்கான திருத்தப்பட்ட கெர்னல் அதிலேயே வந்துவிடும். இதையே முதலில் முயல வேண்டும். உங்களுக்குத் தேவையான திருத்தம் அந்தத் தொடருக்கு வராமல் அடுத்த தொடரில் மட்டும் இருந்தால், நீண்ட கால ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ் வைத்திருப்போர் 'எச்டபிள்யுஇ' என்று முடியும் கெர்னல் பொதியையும், டெபியன் வைத்திருப்போர் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்தையும் நாடலாம். உபுண்டு 22.04 தொடக்கத்தில் 5.15 கெர்னலோடு வந்தது. எச்டபிள்யுஇ வழியாக அதிலேயே 6.8 கெர்னலைப் பெற முடியும். இவை டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கலின் கையொப்பம் உள்ளவை. முனையத்தில் தாமே தொகுத்துக்கொள்வதையோ, கையொப்பமில்லாத சோதனைக் கெர்னல்களையோ புதியவர்கள் தவிர்ப்பது நல்லது. 'செக்யூர் பூட்' இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத கெர்னல் தொடங்காது.

நிறுவல் முடிந்ததும் பழைய கெர்னலை நீக்காதீர்கள். இனித் தேவையில்லாத பொதிகளை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளையைச் சில வாரங்களுக்கு ஒத்திப்போடுங்கள். புதிய கெர்னலில் வைஃபையோ அச்சுப்பொறியோ இயங்காமல் போனால் கிரப் பட்டியல் வழியாகத் திரும்பி வர அதுவே பாதை.

மறுதொடக்கம் செய்த பின்

நிறுவியவுடன் கெர்னல் மாறிவிடுவதில்லை. மறுதொடக்கம் வரை பழையதே இயங்கும். ஆகவே மறுதொடக்கம் செய்து, பதிப்பு எண்ணை மறுபடி பார்த்து உறுதிசெய்யுங்கள். பிறகு லைவ் பென் டிரைவிலிருந்து ஒரு முறை சிறுகோடு என் விருப்பத்தோடு எஃப்எஸ்சிகே இயக்கி, கணக்கு தூய்மையாக இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதுவே ஒப்பீட்டின் தொடக்கப் புள்ளி.

சோதிக்கும்போது, கோளாறு எந்தச் செயலில் வந்ததோ அதே செயலைச் செய்ய வேண்டும். நாள்காட்டி அச்சுக்கான பெரிய கோப்புகளைப் படியெடுக்கையில் வந்தது என்றால் அவற்றையே படியெடுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை மூலக் கோப்புக்கும் அதன் படிக்கும் எடுத்து ஒப்பிடுங்கள். அந்த எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் உள்ளடக்கம் மாறியிருக்கிறது என்று பொருள். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இப்போதுதான் எழுதிய கோப்பை உடனே படித்தால், கெர்னல் அதை வட்டிலிருந்து எடுக்காமல் நினைவகத் தேக்கத்திலிருந்தே கொடுத்துவிடும். வட்டில் தவறாக எழுதப்பட்டிருந்தாலும் ஒப்பீடு சரியாக வரும். எனவே படியெடுத்த பின் மறுதொடக்கம் செய்து, அதன் பிறகு ஒப்பிட வேண்டும்.

பழைய கோப்புகளையும் இதே முறையில் காப்புப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இஎக்ஸ்டி4 தன் கணக்கு விவரங்களுக்குச் சரிபார்ப்பு எண் வைத்திருக்க முடியும். கோப்பின் உள்ளடக்கத்துக்கு வைப்பதில்லை. ஆகவே பிழையுள்ள கெர்னல் இயங்கிய நாள்களில் மாறிய கோப்புகளில் ஓசையின்றிச் சிதைந்தவை இருக்கலாம். அந்த நாள்களுக்குள் திருத்தப்பட்ட கோப்புகளைப் பட்டியலிட்டு, முக்கியமானவற்றைத் திறந்து பார்ப்பதே வழி. பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்போர் 'ஸ்க்ரப்' கட்டளையை இயக்கினால், இயல்பான அமைப்பில் அது உள்ளடக்கத்தையும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும்.

புதிய கெர்னலிலும் அதே கோளாறு வந்தால், முதலில் வட்டு, கேபிள், ரேம் ஆகியவற்றை மறுபடி சோதியுங்கள். அவையும் நலம் என்றால் வழங்கலுக்குப் பிழையறிக்கை அனுப்புங்கள். உபுண்டுவில் 'உபுண்டு-பக்', டெபியனில் 'ரிப்போர்ட்பக்' ஆகிய கட்டளைகள் இதற்காகவே உள்ளன. கோளாறு வராத கடைசிப் பதிப்பு, வந்த முதல் பதிப்பு, முழுமையான கெர்னல் செய்திகள், பகிர்வு எந்த விருப்பங்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம், கோளாறை மீண்டும் வரவழைக்கும் செயல் ஆகிய ஐந்தும் அறிக்கையில் இருக்கட்டும். பதில் வரும் வரை, கோளாறு வராத கெர்னலிலேயே கணினியை இயக்குங்கள். அந்தப் பொதி தானாக நீக்கப்படாமல் இருக்க 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கட்டளையால் அதை நிறுத்திவையுங்கள். திருத்தம் வந்ததும் அந்தத் தடையை 'அன்ஹோல்ட்' கொண்டு நீக்க மறவாதீர்கள், இல்லாவிடில் அதன் பின் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் உங்கள் கணினியை வந்தடையாமல் போகலாம்.